ஊருக்குத்தான் சட்டமா, முசியே சர்க்கோசி?

பிரான்சின் முன்னாள் ஜனாதிபதி நிக்கொலா சர்க்கோசி இருபது நாள் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அந்த இருபது நாளைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதி, 2025 டிசம்பர் மாதத்திலேயே வெளியிட்டுவிட்டார். அதிலிருந்து நம் புதுச்சேரியில் பென்ஷன் வாங்கும் வட்டாரத்தில் ஒரே புலம்பல். "எவ்வளவு பெரிய மனிதர், அவரைப் போய் இப்படிச் செய்யலாமா" என்கிறார் ஒருவர். "நீதிபதிகள் பழி வாங்கிவிட்டார்கள்" என்கிறார் இன்னொருவர். இப்படிப் பேசுகிறவர்களில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களும் உண்டு. 1962-ல் வந்த விருப்பத் தேர்வின்போது அப்பா கையெழுத்துப் போடாததால் என்னைப் போல இந்தியக் குடிமக்களாகவே இருந்துவிட்டவர்களும் உண்டு.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். உத்தியோகம் பார்த்தது அரசு அலுவலகத்தில், குமாஸ்தாவாக. குடியரசு என்றால் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அங்கே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். சமம் என்பது கோப்புக்குள் எப்படி நடக்கிறது என்பதை இங்கே முப்பது வருடத்துக்கு மேல் பார்த்தேன். அதனால் இந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆளைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். 1955 ஜனவரி 28-ல் பாரீசில் பிறந்தவர். தகப்பனார் ஹங்கேரியிலிருந்து பிழைக்க வந்தவர். பிரான்சில் உச்சிக்குப் போகிற அரசியல்வாதிகள் பலர் 'எனா' என்ற உயர் நிர்வாகப் பள்ளியில் படித்தவர்கள். ஷிராக், பலதூர், ஒலாந்த் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்களே. சர்க்கோசி அந்த வாசலை மிதிக்கவில்லை. நாந்தேர் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, 1981-ல் வழக்கறிஞரானார். அதற்கு முன்பே, 1977-ல், 22 வயதில் பாரீசை ஒட்டிய பணக்கார ஊரான நொய்யியின் நகரசபையில் உறுப்பினர். 1983-ல், 28 வயதில் அந்த ஊருக்கே மேர். அந்த நாற்காலியைக் குறி வைத்திருந்த ஷார்ல் பஸ்குவா என்ற பழம்பெரும் தலைவரை முந்திக்கொண்டு பிடித்த பதவி அது.

தைரியசாலி என்பதை மறுக்க முடியாது. 1993 மே மாதம் நொய்யியில் ஒரு மழலையர் பள்ளிக்குள் உடம்பில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு ஒருவன் புகுந்து, குழந்தைகளைப் பிடித்து வைத்துக்கொண்டான். மேர் சர்க்கோசி உள்ளே போய் அவனோடு பேசி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அப்போது அவர் வரவு செலவுத் திட்ட அமைச்சரும் கூட. வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் அவரை மறக்கவில்லை.

1995-ல் ஷிராக்கை விட்டுவிட்டுப் பலதூர் பக்கம் போனார். ஷிராக் ஜெயித்தார். இவர் சில வருடம் ஒதுக்கப்பட்டுக் கிடந்தார். 2002-ல் அதே ஷிராக்கின் ஆட்சியில் உள்துறை அமைச்சராக வந்து உட்கார்ந்தார். அங்கேதான் நாம் பார்க்க வேண்டிய கதை தொடங்குகிறது.

உள்துறையில் அவருடைய தாரக மந்திரம் ஒன்றே: சட்டம் கடுமையாக இருக்க வேண்டும், தண்டனை நிச்சயமாக இருக்க வேண்டும். பேட்டையில் மக்களோடு பழகும் போலீஸ் முறையை ஓரம் கட்டினார். எத்தனை கைது, எத்தனை வழக்கு என்று எண்ணிக்கை கேட்டார். மாதாந்திர ஸ்டேட்மெண்டுக்கு இலக்கு வைத்தால் என்ன நடக்கும் என்பதை எந்தக் குமாஸ்தாவைக் கேட்டாலும் சொல்லுவான். ஸ்டேட்மெண்ட் நிறைந்துவிடும், வேலை அப்படியே கிடக்கும்.

2005-ல் ஏழைகளும் வந்தேறிக் குடும்பங்களும் வாழும் ஒரு புறநகர்க் குடியிருப்புக்குப் போய், அதை உயர் அழுத்தத் தண்ணீர் பீச்சிக் கழுவ வேண்டும் என்ற பொருள்படப் பேசினார். அடுத்த சில மாதத்தில் இன்னொரு ஊரில் அங்கத்து இளைஞர்களைக் கழிசடை என்று சொல்லும் வார்த்தையால் குறிப்பிட்டார். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 27-ல், போலீசுக்குப் பயந்து ஓடிய இரண்டு சிறுவர்கள் மின்மாற்றி நிலையத்துக்குள் ஒளிந்து, மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மூன்று வாரம் புறநகர்கள் எரிந்தன. அல்ஜீரியப் போருக்காக 1955-ல் போட்ட அவசரநிலைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது அரசு. சர்க்கோசியின் செல்வாக்கு குறையவில்லை, கூடியது. 2007-ல் செகோலேன் ருவயால் அம்மையாரை 53 சதவீத வாக்குகளோடு தோற்கடித்து எலிசே மாளிகைக்குள் போனார்.

ஜெயித்த இரவில் ஷான்செலிசே சாலையில் ஃபூக்கே உணவகத்தில் பணக்கார நண்பர்களோடு விருந்து. பிறகு கோடீஸ்வர நண்பர் ஒருவரின் உல்லாசப் படகில் ஓய்வு. அந்த வருடம் முடிவதற்குள் ஜனாதிபதியின் சம்பளம் இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. அதே ஆட்சியில்தான் ஓய்வு பெறும் அரசு ஊழியர்களில் இரண்டு பேருக்கு ஒருவர் வீதம் நியமனமே கிடையாது என்று கொள்கை வகுத்தார்கள். 2010-ல் ஓய்வூதிய வயது 60-லிருந்து 62 ஆனது. பென்ஷன் வாங்கிக்கொண்டு அவருக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் இதை மட்டும் எப்படி மறந்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வழக்கறிஞர் ஜனாதிபதியானதும் போட்ட முதல் சட்டங்களில் ஒன்று, 2007 ஆகஸ்டில் வந்த குறைந்தபட்ச தண்டனைச் சட்டம். ஒருவன் மறுபடியும் குற்றம் செய்தால் நீதிபதி இஷ்டத்துக்குக் குறைக்கக் கூடாது. மூன்று வருடத் தண்டனைக்குரிய குற்றமா, குறைந்தது ஒரு வருடம். ஐந்து வருடமா, குறைந்தது இரண்டு. பத்து வருடமா, குறைந்தது நான்கு. கீழே இறங்க வேண்டுமென்றால் நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும். 2014-ல் அடுத்த ஆட்சி இதை நீக்கும் வரை, எத்தனையோ பெயர் தெரியாத பையன்கள் இந்தக் கணக்கில் உள்ளே போனார்கள்.

அதே 2007 நவம்பரில் குடும்பத்தைப் பிரான்சுக்கு அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கிறவர்களுக்கு மரபணுச் சோதனை என்று ஒரு பிரிவு போட்டார்கள். பிறப்புப் பதிவேடு சரியில்லாத நாடுகளைச் சேர்ந்த பிள்ளைகள், தாயின் பிள்ளைதான் என்று ரத்தத்தால் காட்ட வேண்டுமாம். எதிர்ப்பு வந்து, இரண்டு வருடத்தில் கைவிட்டார்கள். ஞானஸ்நானப் பதிவையும் தாத்தாவின் படைப் பதிவேட்டையும் தேடி அலைந்த குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! அந்தக் குடும்பத்துக்காரர்களுமா இன்றைக்கு "பாவம் சர்க்கோசி" என்கிறார்கள்?

நீதிபதிகளோடு அவருக்கு என்றைக்குமே ஒத்துவரவில்லை. 2007-ல் நீதிபதிகளைப் பட்டாணிக் கடலைக்கு ஒப்பிட்டார்: எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு, ருசி கிடையாது என்பது அதன் பொருள். 2009 ஜனவரியில், அதுவும் நாட்டின் உச்ச நீதிமன்றமான கசாசியோன் நீதிமன்றத்திலேயே நின்று, புலனாய்வு நீதிபதி என்ற பதவியையே எடுத்துவிடப் போவதாக அறிவித்தார். அரசியல்வாதிகளின் ஊழலைத் தோண்டி எடுத்தது பெரும்பாலும் அந்தப் பதவியில் இருந்தவர்கள்தான். திட்டம் நிறைவேறவில்லை. 2011-ல் ஒரு இளம்பெண் கொலையுண்டபோது பழியை நீதித்துறை மேல் போட்டார். நாடு முழுக்க நீதிமன்றங்கள் விசாரணைகளைத் தள்ளிவைத்து எதிர்ப்புக் காட்டின.

நல்லது செய்ததையும் சொல்ல வேண்டும். 2008 ஜூலையில் அரசியல் சட்டத்தைத் திருத்தினார். ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்க முடியாது என்றார். வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கு நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர்கள் என்றார். நம் புதுச்சேரி பிரெஞ்சு வாக்காளர்கள் 2012 முதல் பதினோராவது தொகுதிக்கு ஓட்டுப் போடுவது அதனால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கில் சிக்கிய எந்தச் சாதாரண மனிதனும், தன் மேல் பாயும் சட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கேட்கும் உரிமையை அந்தத் திருத்தம் கொடுத்தது. அந்த உரிமையில் வந்த முதல் தீர்ப்பு 2010 மே மாதத்தில். முன்னாள் குடியேற்ற நாட்டுப் படைவீரர்களின் பென்ஷனை உயராமல் உறைய வைத்திருந்த விதிகளை அது அடித்து வீழ்த்தியது. இது சர்க்கோசி கட்டிய வாசல் வழியே வந்த நியாயம். தம் வழக்கொன்றில் அவரும் அதே வாசலைத் தட்டிப் பார்த்தார். 2019-ல் அரசியல் சட்ட மன்றம் அவர் கேட்டதை ஏற்கவில்லை. ஆகவே தமக்கு நியாயம் கேட்க வழியில்லாமல் போனவர் அல்ல அவர்.

இனி வழக்குகளுக்கு வருவோம். 2012-ல் ஒலாந்திடம் தோற்றார். 2014 ஜூலையில், அவர் சட்டம் படித்த அதே நாந்தேரில் போலீஸ் காவலில் வைத்து விசாரிக்கப்பட்டார். முன்னாள் ஜனாதிபதி ஒருவர் போலீஸ் காவலில் வைக்கப்பட்டது அதுவே முதல் முறை. வேறொருவர் பெயரில் ஒரு கைபேசி வாங்கி, தம் வழக்கறிஞரோடு ரகசியமாகப் பேசினார். கசாசியோன் நீதிமன்றத்தில் இருந்த ஒரு நீதிபதி மூலம் தம் விவகாரம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும், பதிலுக்கு அந்த நீதிபதிக்கு மொனாக்கோவில் ஒரு பதவிக்குச் சிபாரிசு செய்யவும் பேச்சு நடந்தது என்பது குற்றச்சாட்டு. 2021 மார்ச்சில் கீழ்க்கோர்ட்டு மூன்று வருடத் தண்டனை கொடுத்தது. அதில் ஒரு வருடம் அனுபவித்தே ஆக வேண்டியது. 2023-ல் மேல்கோர்ட்டு உறுதி செய்தது. 2024 டிசம்பரில் கசாசியோனும் உறுதி செய்தது. காலில் மின்னணுப் பட்டை கட்டிக்கொண்டு சில மாதம் வீட்டில் இருந்தார். லெழியோன் தொனேர் விருதும் பறிபோனது.

இந்த வழக்கில் தண்டனை பெற்ற மூன்று பேரையும் பாருங்கள். ஒருவர் வழக்கறிஞராக இருந்து ஜனாதிபதியானவர். ஒருவர் வழக்கறிஞர். ஒருவர் நீதிபதி. மூவரும் சட்டத்தைத் தின்று வளர்ந்தவர்கள். தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்ல இவர்களில் ஒருவருக்காவது வாய் உண்டா?

இரண்டாவது வழக்கு 2012 தேர்தல் செலவு. சட்டப்படி உச்சவரம்பு 2 கோடியே 25 லட்சம் ஈரோ. செலவானது 4 கோடியே 28 லட்சத்துக்குக் குறையாது. கூடுதல் தொகையைப் போலி ரசீதுகளில் கட்சிக் கணக்கில் எழுதி மறைத்தார்கள். ஆறு மாதம் அனுபவிக்க வேண்டிய தண்டனையை 2025 நவம்பர் 26-ல் கசாசியோன் உறுதி செய்துவிட்டது. ஆக, இரண்டு வழக்கிலும் இனி மேல்முறையீடு இல்லை. இவற்றைப் பற்றிப் புலம்புகிறவர்கள் யாரும் பேசுவதில்லை.

மூன்றாவதுதான் லிபியா. 2007 தேர்தலுக்குக் கடாபியிடம் பணம் தேடினார்கள் என்ற வழக்கு. 2025 செப்டம்பர் 25-ல் ஐந்து வருடச் சிறை, ஒரு லட்சம் ஈரோ அபராதம். அக்டோபர் 21-ல் பாரீசின் லா சாந்தே சிறைக்குள் போனார். நவம்பர் 10-ல் நிபந்தனைகளோடு வெளியே வந்தார். மேல்முறையீட்டு விசாரணை தொடங்க 2026 மார்ச் 16 என்று நாள் குறிக்கப்பட்டது. அது முடியும் வரை இந்த வழக்கில் அவர் குற்றமற்றவர் என்றே சட்டம் கருதும். நானும் அப்படியே கருதுகிறேன். என் சண்டை அந்தத் தீர்ப்பைப் பற்றியது அல்ல. அதைச் சுற்றி எழுப்பப்படும் ஓலத்தைப் பற்றியது.

"நான்கு குற்றச்சாட்டில் மூன்றில் விடுதலை, லிபியாப் பணம் தேர்தலுக்கு வந்ததே நிரூபணம் ஆகவில்லை, பிறகு எதற்குத் தண்டனை?" என்கிறார்கள். உண்மைதான், மூன்றில் விடுதலைதான். பழி வாங்க உட்கார்ந்த நீதிபதிகள் மூன்றில் ஏன் விடுவித்தார்கள் என்று யோசித்தீர்களா? மிஞ்சிய ஒன்று, குற்றம் செய்யத் திட்டமிட்டுக் கூட்டுச் சேர்ந்தது. தம் நெருங்கிய ஆட்கள் லிபியாக்காரர்களிடம் பணம் தேடிப் போக விட்டார் என்பது கோர்ட்டின் முடிவு. திட்டம் பலித்தாலும் பலிக்காவிட்டாலும் கூட்டுச் சேர்ந்ததே குற்றம் என்பது பிரெஞ்சுச் சட்டம். போதைப்பொருள் கும்பல்கள் மேல் இதே பிரிவு பாயும்போது உள்துறை அமைச்சராக இருந்தவருக்கு இதன் பொருள் தெரியாமலா இருந்திருக்கும்?

"மேல்முறையீடு இருக்கும்போதே உள்ளே தள்ளலாமா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் யாருக்காகக் கேட்கிறீர்கள்? மேல்முறையீட்டுக்குக் காத்திராமல் கோர்ட்டிலிருந்தே நேராகச் சிறைக்கு அனுப்பப்படுவது பிரான்சில் சாதாரண மனிதர்களுக்கு அன்றாடம் நடப்பது. சர்க்கோசிக்கு வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்ட நாலு வாரம் கிடைத்தது. பக்கத்து அறையில் இரண்டு மெய்க்காவலர்கள். நீதித்துறை அமைச்சரே சிறைக்குப் போய்ப் பார்த்தார். பிரான்சின் சிறைகளில் சுமார் 62,000 இடத்தில் 84,000 பேருக்கு மேல் அடைந்து கிடக்கிறார்கள், தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறார்கள். இந்த முறை அநியாயம் என்றால் எல்லோருக்கும் அநியாயம். ஐந்து வருடம் நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு ஆண்டபோது அதை மாற்றியிருக்கலாமே! பதவியின் கடைசி மாதங்களில், 2012 மார்ச்சில், சிறை இடங்களை 80,000 ஆக்க வேண்டும் என்றுதானே சட்டம் போட்டுவிட்டுப் போனார்?

எங்கள் அலுவலகத்தில், எந்த இலாகா என்பது இப்போது வேண்டாம், ஒரு கடைநிலை ஊழியர் இருந்தார். சர்வீஸ் ஸ்டாம்பு கணக்கில் சில நூறு ரூபாய் குறைந்தது. அன்று சாயங்காலமே சஸ்பென்ஷன். அந்த ஆணையைத் தட்டச்சு செய்தவன் நான். விதிப்படி பாதிச் சம்பளம்தான் பிழைப்பூதியம். அதையும் வாங்க, வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்று மாதாமாதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மனிதர் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வருவார், கையெழுத்துப் போடுவார், யார் முகத்தையும் பார்க்காமல் போவார். விசாரணை இரண்டு வருடம் இழுத்தது. கடைசியில் பதிவேட்டில் ஒரு பக்கத்துக் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்துக்குத் தப்பாக எடுத்து எழுதியிருந்தது தெரிந்தது. அந்தப் பதிவை எழுதியது அவர் அல்ல. பாக்கிச் சம்பளத்தோடு வேலை திரும்பக் கிடைத்தது. அதற்குள் பெரிய மகன் படிப்பை விட்டு மெக்கானிக் கடைக்குப் போய்விட்டான்.

அந்த இரண்டு வருடத்தில், "தீர்ப்பு வராமல் எதற்குத் தண்டனை" என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. "ரூல் அப்படித்தான் இருக்கிறது" என்றோம். அப்போது ரூல் என்று சொன்ன அதே வாய்கள் இப்போது அநியாயம் என்கின்றன. மாறியது ரூல் அல்ல, மாட்டிக்கொண்ட ஆள்.

சிறைக்குப் போகும்போது சர்க்கோசி எடுத்துச் சென்ற புத்தகங்களில் ஒன்று 'மோன்த் கிறிஸ்தோ பிரபு'. நம் தலைமுறை பள்ளிக்கூடத்தில் தூக்கத்தை விட்டுப் படித்த கதை. அதில் எத்மோன் தாந்தேசுக்கு விசாரணை கிடையாது, வழக்கறிஞர் கிடையாது. ஒரு மொட்டைக் கடுதாசியை வைத்து, சொந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற நினைத்த ஒரு சட்ட அதிகாரி அவனை 14 வருடம் தீவுச் சிறையில் தள்ளிவிடுகிறான். முசியே சர்க்கோசிக்கு மூன்று மாதம் பகிரங்க விசாரணை நடந்தது. தேர்ந்த வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். காரணம் எழுதிய நீண்ட தீர்ப்பு கையில் கிடைத்தது. மேல்முறையீடு இருக்கிறது. மூன்று வாரத்தில் வெளியே விட்டார்கள். இவர் எந்த வகையில் தாந்தேஸ்?

கொலை மிரட்டல் வந்தது யாருக்குத் தெரியுமா? தீர்ப்பு வாசித்த தலைமை நீதிபதி அம்மாளுக்கு. ஒரு நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர், அதுவும் வழக்கறிஞர், தீர்ப்பு வந்தவுடன் நீதிபதிகளின் வெறுப்பு என்று பேசினால், தெருவில் இருக்கிறவன் அடுத்த படிக்குப் போவான். பட்டாணி என்று சொன்ன நாளிலிருந்து வந்த வினை இது.

அவருடைய அரசியலை விரும்புகிறவர்கள் விரும்பட்டும். ஒழுங்கு, கண்டிப்பு, உழைப்பு, தேசப்பற்று, இவற்றை மதிக்கும் பழமைவாதிகள் நம் வட்டாரத்தில் நிறையப் பேர். நானும் பாதிக்குப் பாதி அந்தக் கட்சிதான். நேரத்துக்கு ஆபீசுக்கு வராதவனை எனக்கும் பிடிக்காது. ஆனால் கண்டிப்பில் நம்பிக்கை உள்ளவன் முதலில் தனக்குத்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சர்க்கோசிக்காக முதலில் வெட்கப்பட வேண்டியவர்கள் அவருடைய எதிரிகள் அல்ல, அவரை நம்பி ஓட்டுப் போட்ட நீங்கள்தான்.

மேல்கோர்ட்டு ஒரு முடிவு சொல்லும். விடுதலை என்று வந்தால், சட்டப்படி வந்த விடுதலை என்று தலைவணங்கி, இதே பக்கத்தில் எழுதுகிறேன். உங்களிடம் நான் கேட்பதும் அதுதான். தண்டனை என்று வந்தால், "ரூல் அப்படித்தான் இருக்கிறது" என்று, அந்த ஸ்டாம்பு கணக்குக்காரருக்குச் சொன்ன அதே குரலில், இவருக்கும் சொல்வீர்களா?